பல்லி சொன்ன செய்தி

இலங்கையில் வானொலிக்கும் யுத்தத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1920களில் கொழும்பிலே தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வேர்ட் ஹார்ப்பரும் அவருடைய சகாக்களும் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பு நடத்தியபோது, முதலாம் உலகப் போரிற் கைப்பற்றப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிச் சாதனங்களைக் கொண்டே ஒலிபரப்பியைப் பொருத்தினார்கள். 1925 டிசம்பர் 16 இல் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே தென்கிழக்காசியக் கட்டளைப் பீடத்தின் படையினருக்காகக் கொழும்பில் 'ரேடியோ சீக்' இயங்கியது. போர் முடிந்தபின் அதன் வசதிகள் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டன. 1949 இல் தோன்றிய இலங்கை வானொலியின் புகழுக்கு அந்தச் சக்திவாய்ந்த சாதனங்களும் ஒரு காரணம்.

ஆகவே, 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்திலே, கழித்துவிடப்பட்ட வயர்களையும் ஒட்டுப்போட்ட ஒலிநாடாக்களையும் கொண்டு ஓர் உள்ளூர் வானொலி இயங்கியது என்று நான் சொன்னால் வாசகர்கள் வியப்படையத் தேவையில்லை. அதன் பெயர் இங்கே அவசியமற்றது. அந்நாளில் அங்கே யாருடைய அனுமதியுமின்றி எவரும் ஒலிபரப்பு நடத்தியிருக்க முடியாது என்பதையும், செய்தியில் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லலாகாது என்பதைத் தீர்மானித்தவர்கள் நிலையத்தில் வேலை செய்தவர்கள் அல்லர் என்பதையும் மாத்திரம் சொல்லிவைக்கிறேன். அந்த அரசியல் தனியே எழுதப்படவேண்டியது. நான் இங்கே எழுதப் புகுந்தது அங்கே வேலை செய்த மனிதர்களைப் பற்றி.

நான் பத்திரிகைக்காரன். பகலில் பத்திரிகை அலுவலகத்தில் கடமை. வாரத்தில் மூன்று மாலைகள் துவிச்சக்கரவண்டியில் அந்த நிலையத்துக்குச் சென்று செய்திகளைச் செப்பனிட்டுக் கொடுப்பேன். ஊதியம் ஒரு பிளேன்ரீயும் ஒரு துண்டு பனங்கட்டியும். சில மாலைகளிற் பனங்கட்டி இராது.

வானொலி நிலையம் என்றதும் கொழும்பு டொறிங்டன் சதுக்கத்துக் கட்டடத்தை மனதில் எண்ணிவிடக்கூடாது. அது வெளிநாடு சென்றுவிட்ட ஒரு குடும்பத்தின் வீடு. குசினியில் ஒலிபரப்பி. விறாந்தையில் ஆசிரிய பீடம். கலையகமாக அமைந்தது சாமியறை. வீட்டிலேயே மிகச் சிறியதும் யன்னலற்றதும் அந்த அறையே என்பதால் தொழில்நுட்பப் பொறுப்பாளர் அதைத் தெரிவு செய்திருந்தார். சுவர்களிலே சாக்கும் பனம்பாயும் முட்டை அடுக்கும் மட்டைகளும் அறையப்பட்டிருந்தன. சுவாமிப் படங்களை மட்டும் அகற்றக்கூடாது என்பது வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சியின் நிபந்தனை. வெள்ளிக்கிழமைகளில் ஆறு மணிக்கு விளக்கேற்றி மணி அடிப்பதையும் அவர் எக்காரணங்கொண்டும் நிறுத்தவில்லை. ஆதலால் வெள்ளிக்கிழமை மாலைச் செய்தி மட்டும் மணியோசையுடன் ஆரம்பமாகும். அதனை நிலையத்தின் சமயப் பற்றுக்கு அடையாளமாகக் கருதிப் பாராட்டிக் கடிதம் எழுதிய நேயர்களும் இருந்தனர்.

1990 ஜூனில் இரண்டாங்கட்டப் போர் ஆரம்பமானதோடு குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோயிற்று. பெற்றோல், மண்ணெண்ணெய், பற்றரி யாவற்றுக்கும் கட்டுப்பாடு. மக்கள் துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். இரவானால் பி.பி.சி. தமிழோசைக்கும், மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணிக்கும் ஊரெங்கும் சில்லுகள் சுழலும். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் கேட்பார்கள். சுற்றுவது பெரும்பாலும் வீட்டிலுள்ள சிறுவன்.

இதன் பயனாக எங்கள் நிலையத்துக்கு விசித்திரமான முறைப்பாடுகள் வந்தன. "உங்கள் செய்தி வாசிப்பாளரின் குரல் நடுவிலே சோர்ந்துபோகிறது. அவருக்குச் சாப்பாடு கொடுப்பதில்லையா?" என்று ஒருவர் எழுதியிருந்தார். சோர்ந்தது வாசிப்பாளர் அல்லர், சில்லுச் சுற்றிய பையன் என்று அவருக்கு எப்படி எழுதுவது? ஒருமுறை புலவர் ஒருவர் கம்பனின் உவமைகள் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். மறுநாள் பாடசாலைச் சிறுவர்கள் ஐந்தாறு பேர் நிலையத்துக்கே வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவன் வலது கையை நீட்டிக் காட்டி, "அண்ணை, அந்த ஐயா இனிப் பேசுறதெண்டால் முன்னுக்கே சொல்லுங்கோ. நாங்கள் ஆளுக்கு ஆள் மாறிச் சுத்துறதுக்கு ஆயத்தமா இருப்பம்" என்றான். செய்தியைச் சுருக்கமாக எழுதவேண்டும் என்பதற்கு ஆசிரியர்கள் பலர் எனக்குப் பல காரணங்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பையனின் கை சொன்ன காரணத்துக்கு நிகரான ஒன்றை நான் கேட்டதில்லை.

நிலையத்துக்கு மின்சாரம் கொடுத்தது ஒரு பழைய மின்பிறப்பாக்கி. சிறிது பெற்றோலில் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடும். அதன் சத்தம் ஒலிவாங்கியிற் கேட்காதிருக்க வளவின் பின்புறம் குழிவெட்டி அதற்குள் இறக்கியிருந்தார்கள். அப்படியும் கேட்கத்தான் செய்தது. கலையகத்தில் வாசிப்புக்கு மின்விளக்கு இல்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஜாம் போத்தல் விளக்குத்தான் வைத்திருந்தோம். இதனால் விளைந்த வினை ஒன்றைச் சொல்லவேண்டும்.

ஒரு மாலை, செய்தி ஆரம்பமாகி இரண்டாவது நிமிடத்தில் மின்பிறப்பாக்கி நின்றுவிட்டது. வழக்கமாக மின்சாரம் போனால் விளக்கு அணையும், எல்லாருக்கும் தெரியும். இங்கேயோ ஜாம் போத்தல் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. வாசிப்பாளருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கணீரென்ற குரலில் வாசித்துக்கொண்டே போனார். தொழில்நுட்பப் பொறுப்பாளர் ஓடிவந்து கதவருகில் நின்றார். கதவிலே, 'ஒலிபரப்பு நடைபெறுகின்றது, உட்செல்லாதீர்' என்ற அட்டை தொங்கியது. அதை எழுதித் தொங்கவிட்டவரே அவர்தாம். எனவே உட்செல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, தலைப்புச் செய்திகள் மீண்டும் வாசிக்கப்பட்டு முடியும்வரை வாசலிலேயே காத்து நின்றார். வாசிப்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "எப்படி இருந்தது?" என்று கேட்டார். "நல்லா இருந்தது. நான் மட்டுந்தான் கேட்டனான்" என்றார் பொறுப்பாளர்.

காகிதத் தட்டுப்பாட்டின் கதை வேறு. யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகளே அப்போது கோடிட்ட கொப்பித் தாள்களில் அச்சாகி வந்தன. அப்படியிருக்க, வானொலிக்கு யார் வெள்ளைத்தாள் தருவார்கள்? அயலிலிருந்த பாடசாலையொன்று பழைய விடைத்தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொடுத்துதவியது. அவற்றின் எழுதாத பக்கத்திற் செய்தி எழுதுவோம். ஒருநாள் மூன்றாம் தாள் புரண்டுவிட்டது. சங்கக்கடைகளில் அந்த வாரம் வழங்கப்படும் அரிசியின் அளவை வாசித்து முடித்த வாசிப்பாளர், அதே கம்பீரத்துடன், "ஒளித்தொகுப்புக்குச் சூரிய ஒளியும் பச்சையமும் இன்றியமையாதன" என்று தொடர்ந்தார். அடுத்த வரியும் வாசித்தார். அதற்கடுத்த வரியில் ஆசிரியரின் சிவப்பு மை, 'படம் எங்கே?' என்று கேட்டிருந்தது. அதையும் வாசித்துவிட்டு நிறுத்தினார். மன்னிப்புக் கோருவதா, மேலே செல்வதா என்று ஒரு கணம் யோசித்து, "இத்துடன் உள்நாட்டுச் செய்திகள் முடிவடைகின்றன" என்றார். அன்றைய நிலையில் அதைவிடப் பொருத்தமான முடிவு எனக்கும் தோன்றியிராது.

ஒலிநாடாக்களும் அப்படியே. புதிய நாடாக்கள் வருவதில்லை. வீடுகளிலிருந்து சேகரித்தவற்றை அழித்து அழித்துப் பதிவோம். அழிக்கும் கருவியோ அரைகுறை. கல்விமான் ஒருவரின் மறைவையொட்டி ஆற்றப்பட்ட இரங்கலுரை முடிந்த அதே விநாடியில், யாரோ ஒருவருடைய திருமண வீட்டின் கெட்டிமேளம் முழங்கியது. அதன் பின்னே, "பந்திக்கு வாருங்கோ, பந்திக்கு வாருங்கோ" என்று ஒரு பெரியவர் வருந்தி அழைத்தார்.

ஆயினும் நிலையத்தின் பணியாளர்கள் அனைவரிலும் செல்வாக்கு மிகுந்தது பல்லிதான். கலையகச் சுவரிலே பிள்ளையார் படத்தின் பின்புறம் அது குடியிருந்தது. நம்மவர்களுக்குப் பல்லி சொல்வது சாதாரண விடயமன்று. ஒரு பேச்சு முடியும்போது பல்லி சொன்னால், அது உண்மை என்று நிலத்தில் விரலாற் தட்டி ஆமோதிப்பவர்கள் நாம். ஒருநாள், பருத்தித்துறைக்குக் கோதுமைமாவுடன் கப்பல் வரவிருக்கிறது என்ற செய்தி வாசிக்கப்பட்டதும், 'டிக் டிக் டிக்' என்று தெளிவாக மூன்று முறை பல்லி சொன்னது. மறுநாள் விடியுமுன்பே சங்கக்கடை வாசலில் நீண்ட வரிசை. கப்பலோ இன்னும் திருகோணமலையிலிருந்து புறப்படவேயில்லை. முகாமையாளர் தலையிலடித்துக்கொண்டு, "ஆர் சொன்னது இண்டைக்கு மா வருமெண்டு?" என்று கேட்டாராம். வரிசையில் முதலாவதாக நின்ற மூதாட்டி, "றேடியோ சொன்னது. அதை விடு, பல்லியெல்லோ சொன்னது!" என்றாராம். ஐந்தாறு நாட்களின் பின் கப்பல் வந்தது. அவமானம் வானொலிக்கு, பெருமை பல்லிக்கு. இதன்பின் பல்லியைத் துரத்திவிடவேண்டும் என்று மேலிடத்திலிருந்து பணிப்பு வந்தது. ஆச்சி மறுத்துவிட்டார். எந்தச் செய்திக்குப் பல்லி சொல்கிறது, எந்தச் செய்திக்கு மௌனம் சாதிக்கிறது என்று நேயர்கள் கணக்கெடுக்கத் தொடங்கியிருந்தார்கள் என்பதை நான் பின்னர்தான் அறிந்தேன். தணிக்கைக்கு உட்படாத ஒரேயொரு செய்தியாளர் அதுவாகத்தான் இருந்தது.

நாடகங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். இலங்கை வானொலியில் சானா சண்முகநாதன் வளர்த்தெடுத்த நாடகங்களைக் கேட்டுப் பழகிய செவிகள் யாழ்ப்பாணத்துச் செவிகள். அவற்றைத் திருப்திப்படுத்துவது இலகுவன்று. எங்கள் நாடகப் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பெரிய விசுக்கோத்துத் தகரமொன்றிற் கூழாங்கற்களை நிரப்பி, அதைச் சீமெந்து நிலத்திற் போட்டு வெடியோசை எழுப்புவார். முதல் ஒத்திகையிலேயே பக்கத்து வீட்டுச் சனம் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டது. அதன்பின் ஒத்திகைக்கு முன்னர் வேலியால் எட்டிப்பார்த்து, "மாஸ்டரின்ரை தகரம், ஓடவேண்டாம்" என்று அறிவித்துவிட்டே தொடங்குவோம்.

விமானங்களை ஓசையைக்கொண்டே இனங்காணும் பயிற்சி அன்று குழந்தைகளுக்கும் இருந்தது. ஹெலியா, பொம்மரா, சகடையா என்று ஐந்து வயதுப் பிள்ளை சொல்லும். ஒருநாள் நாடகம் நேரடியாக ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கையில் உண்மையான பொம்மர் வந்துவிட்டது. மேற்கே எங்கோ குண்டுகள் வீழ்ந்தன. வீடு அதிர்ந்தது. நடிகர்கள் அனைவரும் மேசைக்குக் கீழே. ஒலிவாங்கி மேசைக்கு மேலே, உயிருடன். "ஐயோ பிள்ளையாரே!", "அரக்கி இரு, என்ரை காலை மிதிக்கிறாய்", "மாஸ்டர், தகரத்தைப் போட்டது நீங்களோ?", "நானில்லையடா, அவன் போட்டது!" என யாவும் வான்வழியே சென்றன. அந்த வாரம் வந்த கடிதங்களில் ஒன்று இன்றும் என் நினைவில் உள்ளது. 'வசனங்கள் மிகவும் இயல்பு. குறிப்பாகக் கடைசிக் காட்சி. ஆனால் வெடியோசை மட்டும் செயற்கையாக இருந்தது' என்று எழுதியிருந்தார் அந்த நேயர்.

இவற்றையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறோம். சிரிக்க முடியாத பகுதி ஒன்றும் அங்கே இருந்தது. அது மாலை ஏழு மணிக்கு வாசிக்கப்படும் மரண அறிவித்தல். தொலைபேசி இல்லை. தபால் வாரக்கணக்கிற் தாமதமாகும். ஓர் ஊரில் ஒருவர் இறந்தால் அடுத்த ஊரிலுள்ள உறவினருக்கு அறிவிக்க வானொலியை விட்டால் வேறு வழியில்லை. மற்றச் செய்திகளில் எதை நம்புவது, எதை விடுவது என்று மக்கள் தமக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். மரண அறிவித்தலை மட்டும் எல்லாரும் முழுமையாக நம்பினார்கள். சில்லுச் சுற்றும் சிறுவர்களும் அந்தப் பத்து நிமிடமும் ஓய்வு கேட்பதில்லை.

ஒரு மாலை, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரின் பெயர் அதில் வாசிக்கப்பட்டது. அதே ஊரில் அதே பெயருடைய வேறொருவர்தாம் இறந்திருந்தார். முதலெழுத்துத்தான் வேறுபாடு. தாளில் மை ஊறி அந்த முதலெழுத்து மறைந்திருக்க, அறிவிப்பாளர் அதை விட்டுவிட்டு வாசித்திருந்தார். மறுநாட் காலை, வெள்ளை வேட்டியும் குடையுமாகத் தபாலதிபர் நிலையத்துக்கு வந்தார். கடமையிலிருந்தவர் விதிமுறைகளில் மிகுந்த பிடிப்புள்ளவர்.

"தம்பி, நான் நேற்றுக் காலமாகிவிட்டனாம். எத்தனை மணிக்கெண்டு சொல்லுவியளோ?"

விடயத்தை விளங்கிக்கொண்டதும் கடமையிலிருந்தவர் எழுந்து நின்றார். ஆனாலும் விதியை விடவில்லை. "ஐயா, மரண அறிவித்தலைத் திருத்துறதெண்டால் கிராம சேவையாளரின்ரை கடிதம் வேணும்."

"சாகிறதுக்குக் கேக்காத கடிதம் உயிரோடை இருக்கிறதுக்குத் தேவையோ?"

இந்தக் கேள்விக்கு விதிமுறையில் விடையில்லை. திருத்தத்தை அன்று மாலையே ஒலிபரப்புவதாக அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் தபாலதிபர் சிறிது யோசித்துவிட்டு, "இண்டைக்கு வேண்டாம், நாளைக்குப் போடுங்கோ. ஆர் ஆர் வருகினம் எண்டு ஒருக்காப் பாப்பம்" என்று சிரித்துவிட்டுப் போனார். கடமையிலிருந்தவரும் சிரித்துக்கொண்டு அதற்கு உடன்பட்டுவிட்டார். அன்று மாலை நான் சென்றபோது நிலையம் முழுவதும் இதே பேச்சுத்தான்.

இரண்டாவது நாள் பிற்பகல் அவர் மீண்டும் வந்தார். அன்று நான் அங்கிருந்தேன். முகத்தில் அந்தக் குறும்பு இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் பேசாமலிருந்தார். வேலித் தகராற்றினாற் பதினொரு வருடங்களாக முகம் பார்க்காதிருந்த தம்பி, முதலாவது ஆளாக, சட்டைகூட அணியாமல் ஓடி வந்தாராம். படலையில் அண்ணனைக் கண்டதும் அவ்விடத்திலேயே இருந்து அழுதாராம். "அது நல்லதுக்குத்தான். வேலிக் கதை முடிஞ்சுது" என்றார். பின்னர் குரல் தாழ்ந்தது.

"கிளிநொச்சியிலை இருக்கிற என்ரை மகளும் கேட்டிருக்கிறாள். நேற்றிரவு கைக்குழந்தையோடை கிளாலியாலை வள்ளத்திலை வந்திட்டாள், தம்பி."

விறாந்தையில் யாரும் பேசவில்லை. கிளாலிக் கடல்நீரேரியின் இரவுப் பயணம் என்னவென்பதை அங்கிருந்த அனைவரும் அறிந்திருந்தோம். வன்னிக்கும் குடாநாட்டுக்கும் இடையே மக்களுக்கிருந்த வழி அது. 1993 ஜனவரியில் அந்த நீரேரியிலே பயணிகள் வள்ளங்களிலேயே கொல்லப்பட்டார்கள். முதல்நாள் மாலை திருத்தம் ஒலிபரப்பாகியிருந்தால் அந்தப் பெண் அன்றிரவு வள்ளத்தில் ஏறியிருக்கமாட்டாள்.

"பிள்ளை வந்து சேந்திட்டாள். வராமல் விட்டிருந்தால்?" என்று கேட்டார். அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. தம்மையே கேட்டார். அவர் போனபின் கடமையிலிருந்தவர் ஒரு கொப்பியை எடுத்து, மரண அறிவித்தல்களுக்கான புதிய விதியை எழுதினார். இரண்டு உறவினரின் கையொப்பம் வேண்டும். முதலெழுத்துகளுடன் இரண்டு முறை வாசிக்கவேண்டும். பிழையென்று தெரிந்தால் அடுத்த செய்தியறிக்கைவரை காத்திராமல், பாட்டை நிறுத்தியேனும் உடனடியாக அறிவிக்கவேண்டும். விதிகளை எண்ணி அவரைக் கேலி செய்துவந்த நாங்கள் அந்த விதியை மட்டும் ஒருபோதும் கேலி செய்யவில்லை.

1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தார்கள். செம்மணி வெளியும் நாவற்குழிப் பாலமும் மனிதர்களால் நிறைந்திருந்தன. ஓரடி எடுத்துவைக்கப் பல நிமிடங்கள். மழையும் பெய்தது. குடிக்கத் தண்ணீரின்றிக் குடையை மல்லாத்திப் பிடித்து மழைநீர் ஏந்தியவர்களைக் கண்டேன். அந்தக் கூட்டத்திலே எங்கள் நாடக மாஸ்டரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்து அவர் எடுத்துவந்தவை அதிகமில்லை. பின் கரியரிலே கயிற்றாற் கட்டப்பட்டு அந்த விசுக்கோத்துத் தகரம் இருந்தது. கற்களைக் கொட்டிவிட்டு, மூடியைத் திறந்து மழைக்குக் கொடுத்திருந்தார். சுற்றியிருந்த பிள்ளைகளுக்குத் தேங்காய்ச் சிரட்டையால் அள்ளி அள்ளித் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "தம்பி, உமக்கும் ஒரு மிடறு தரட்டே?" என்றார்.

யுத்தம் 2009 இல் முடிந்தது. அந்த நிலையத்தில் வேலை செய்தவர்களில் சிலர் இன்று கனடாவிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். சிலர் இல்லை. அவர்களைப் பற்றி இத்தனை காலமும் யாரும் எழுதவில்லை. எழுத வேண்டிய பெரிய விடயங்கள் நிறைய இருந்ததே காரணம். அவர்கள் பெரிய மனிதர்கள் அல்லர். ஜாம் போத்தல் வெளிச்சத்திலே, யாரோ ஒரு சிறுவன் கை நோகச் சில்லுச் சுற்றிக் கேட்கிறான் என்ற நினைப்போடு, நாளாந்தம் ஒழுங்காக வேலைக்கு வந்தவர்கள்.